பழுப்பு வெந்நீர்

எனக்கு வெந்நீர்ப் பழக்கம் கிடையாது. மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன். எங்கள் வீட்டில் கெய்சர் இல்லாததற்குக் காரணம் அது ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வீட்டில் ஏழு வீட்டுக் கெய்சர் கெட்டுப்போக, மிச்சமிருந்த ஒரு வீட்டில் கெய்சரே இல்லை என்பதை உங்கள் ஏட்டையா பெரிய துப்பு மாதிரி எழுதிக்கொண்டார். அது துப்பு இல்லை, ஐயா. பழக்கம்.

காபி வேண்டாம். குடித்துவிட்டுத்தான் வந்தேன். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும்.

என் பெயர் ஸௌந்தரராஜன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. அதை நல்ல பாடம் நடத்துவதன் அடையாளம் என்று தலைமையாசிரியர் ஒருமுறை சொன்னார். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு, மணி அடித்ததும் எழுந்து போவார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஃப்யூஸ் போனால் என் மனைவி சூடாமணியே ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்துவிடுவாள். அவளுக்கு ஓம் விதி தெரியாது. விளக்கு எரியும்.

ஓய்வுக்குப் பிறகு சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் பக்கத்தில், புதிதாகக் கட்டிய அடுக்கு வீட்டில் முதல் மாடியில் ஒரு வீடு வாங்கினோம். கட்டியவர் எல்லா வீட்டுக்கும் குளியலறைச் சுவரில் கெய்சர் மாட்டிக் கொடுத்தார். நான் மட்டும் வேண்டாம் என்றேன். அங்கே என்னை 'முதல் மாடி ஸார்' என்பார்கள். மழை வருமா என்றுகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஐப்பசி மழையில் ஒரு காலை, மூன்றாம் மாடி ஸுபத்ரா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஹிந்தி ட்யூஷன் எடுப்பவள். கணவர் மஸ்கட்டில் வேலை. தனியாக இருந்தாள்.

"மாமா, நீங்க ஸயன்ஸ் வாத்தியார்தானே? இதைக் கொஞ்சம் பாருங்கோளேன். வெந்நீரா டீயான்னு தெரியலை."

வாளியில் இருந்தது நல்ல பழுப்பு நிறம். நான் அவளோடு மேலே போனேன். இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பை கேட்டேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் வெந்நீர். பச்சைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெந்நீர் மட்டும் பழுப்பு.

"ரெண்டும் ஒரே மொட்டைமாடித் தொட்டியிலேர்ந்துதான் வர்றது. அப்போ தொட்டி பேர்ல தப்பில்லை, நகராட்சித் தண்ணி பேர்லயும் தப்பில்லை" என்றேன்.

"அப்படியா" என்றாள்.

அடுத்து சமையலறைத் தொட்டியில் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். அங்கேயும் பழுப்பு. ஆகவே குளியலறைக் குழாய் குற்றவாளி இல்லை என்றேன். அதற்கும் "அப்படியா" என்றாள். கோப்பையைச் சற்று நேரம் அசையாமல் வைத்தோம். அடியில் செம்மண் போல மெல்லிசாகப் படிந்தது. கெய்சருக்குள் ஒரு கம்பி இருக்கும், அந்தக் கம்பி தான் அரிபட்டுக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும், கம்பி தீர்ந்துவிட்டால் துரு இரும்பைப் பிடிக்கும், அதுதான் இப்போது நடக்கிறது என்று விளக்கினேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு மூன்றாவது முறையாக அதைச் சொன்னாள்.

அப்படியா. ஐயா, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணிக்காலம் முழுவதும் வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மெக்கானிக் கலியன் வந்தான். மாகறல் பக்கத்து ஆள், எங்கள் கட்டடத்துக்கு எல்லா வேலைக்கும் அவன்தான். கெய்சரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஸார் சொன்னதுதாம்மா. கம்பி சுத்தமா கரைஞ்சு பூட்டுது" என்றான். புதுக் கம்பி போட்டு, உள்ளே கழுவிவிட்டான். வெந்நீர் தெளிந்தது. ஸுபத்ரா எனக்கு வெள்ளி டவராவில் காபி கொடுத்தாள். படிக்கட்டில் போகிற வருகிற எல்லோரிடமும், "ஸௌந்தரராஜன் மாமா கோப்பையைப் பார்த்தே சொல்லிட்டார்" என்றாள்.

என் வீடு கீழே இருந்தது. நான் மேலே ஏறினேன், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு. மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த புடவைகளுக்கு நடுவே நின்று, கோபுரத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். தலை கிறுகிறுவென்று சுற்றியது. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஒன்றும் இல்லை. வெறும் சந்தோஷம்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். எல்லார் வீட்டிலும் வெந்நீர் தெளிவாக வந்தது. யாராவது கூப்பிடுவார்களா என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். படிக்கட்டில் பார்க்கிறவர்களிடம், "வெந்நீர் எப்படி வர்றது?" என்று விசாரித்தேன். "நன்னா வர்றதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆரோக்கியமான ஊரில் வைத்தியன் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?

அன்னபேதி என்று ஒரு சரக்கு உண்டு. சாயம் போடுகிறவர்கள் வாங்குவார்கள். நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். பச்சைக் கல்கண்டு மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டால் நிறம் தெரியாது. நம் ஊர் உப்புத் தண்ணீரில் கலந்து சூடாக்கினால் அழகாகப் பழுத்துவிடும். உடம்புக்குக் கெடுதல் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, இரும்புச் சத்து மாத்திரையே அதில்தான் செய்கிறார்கள். இவ்வளவையும் யோசித்துத்தான் வாங்கினேன். பிறருக்குத் துன்பம் செய்கிற சுபாவம் எனக்கு இல்லை.

முதலில் இரண்டாம் மாடி வீரபத்திரன் வீடு. காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மழைக்காலம், எல்லார் கெய்சரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுகிறேன் என்றேன். "பாருங்க சார், அதுக்கு இன்னா" என்று விட்டுவிட்டார். பரிசோதனை என்றால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். குழாயைக் கழற்றி ஒரு கைப்பிடி போட்டுத் திரும்ப மாட்டுவது பெரிய வித்தை இல்லை.

மறுநாள் சாயங்காலம் வீரபத்திரன் கடையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், என் வேட்டியப் பாருங்க. இந்தத் தண்ணில தொவைச்சதுதான். கடைல ஒரு அம்மா, பொடவைய உட்டுட்டு என் வேட்டியவே பாத்துக்கினு இருக்குறாங்க. இந்தக் கலர்ல ஒண்ணு இருக்குதான்னு கேக்குறாங்க சார்."

நான் சிரிக்கவில்லை. பீங்கான் கோப்பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பச்சைத் தண்ணீர், வெந்நீர், சமையலறை, குளியலறை. ஒவ்வொரு படியையும் விளக்கினேன். அவரும், அவர் மனைவியும், அவர் மருமகளும் வரிசையாக நின்று கேட்டார்கள். கெய்சரை நான் சொன்ன முறையில் கழுவிவிட்டதும் மூன்றாம் நாள் தெளிந்தது. தெளியத்தானே செய்யும்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் மாதிரி ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. ஒரு வீட்டில் தெளிந்தால் இன்னொரு வீட்டில் பழுக்கும். காலையில் பெருமாள் கோயில் பொங்கல் வாசனையோடு யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒரு வீட்டு மாப்பிள்ளை தலைதீபாவளி முடிந்து இரண்டாம் முறை வந்தவர், குளித்துவிட்டு வெளியே வந்தபோது துண்டைப் பார்த்து மாமியார் அலறினாளாம். ஒரு பாட்டியம்மாள் அதைச் செம்புத் தீர்த்தம் மாதிரி இருக்கிறதென்று புட்டியில் பிடித்து வைத்துக்கொண்டாள். நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முழங்கால் வலி இருந்தது, அது எங்கே போனதென்று தெரியவில்லை. கடைக்குப் போகும்போது விசிலடித்தேன். தெருவில் மாட்டைப் பார்த்து வணக்கம் சொன்னேன்.

சூடாமணி ஒருநாள் சாதம் போட்டுக்கொண்டே, "ஏன்னா, நம்ம கல்யாணத்துலகூட நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லையே" என்றாள். என் விரல்களைப் பார்த்தாள். நகக் கண்களில் பழுப்பு ஏறியிருந்தது. வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து வெற்றிலையும் போட்டேன், பொய் சொல்லக் கூடாது என்பதற்காக.

கலியன்தான் கெடுத்தான்.

தை பிறந்ததும் வீரபத்திரன் அவனை அழைத்துவந்து தன் கெய்சரை முழுவதும் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மொட்டைமாடியில் எல்லோரும் கூடினோம். கலியன் கையைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"சார், உள்ள புதுசு மாதிரி பளபளன்னு இருக்குது. கம்பி அப்படியே இருக்குது. துருவா இருந்தா கம்பிய தின்னுட்டுதான அப்பால டாங்க்குக்குப் போவும்? மூணாவது மாடியில அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. இங்க அது இல்ல. வெளியில இருந்து இன்னாவோ வந்துக்கினு இருக்குது."

"வெளியில இருந்துன்னா?" என்று வீரபத்திரன் கேட்டார்.

"யாராவது போடுறாங்களோ இன்னாவோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தேகத்தால் இல்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்பதற்காக. அந்தப் பார்வைகள் எல்லாம் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தபோது எனக்கு மறுபடியும் அந்தக் கிறுகிறுப்பு வந்தது. வாய் தானாகத் திறந்தது. வெளியே பளபளப்பாகத் தெரிகிற இரும்புதான் ஆபத்து, துரு உட்பக்கமாக அரிக்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் இந்தக் கட்டடத்தில் ஒரு கெய்சர் வெடிக்கும் என்றேன்.

மொட்டைமாடி அப்படியே அமைதியாகிவிட்டது. எவ்வளவு அழகான அமைதி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கலியன் சிரித்துவிட்டான். "வெடிக்காது சார். வால்வு இருக்குதே. ஆவி ஏறுனா அது உட்டுடும். சூடு ஏறுனா கரண்ட்ட கட் பண்ணவும் உள்ள ஒண்ணு இருக்குது. சும்மா பயம் காட்டாதீங்க."

வீரபத்திரன் சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். சிரிப்பு ஒவ்வொருவராகப் பரவியது. ஸுபத்ரா மட்டும், "மாமா சொன்னா அதுல ஏதாவது இருக்கும்" என்றாள்.

நான் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபமே வரவில்லை. ஒரு கணக்கு தப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், ஆசிரியர் விடையைப் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் மனத்தில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஆளில்லாத வீட்டில், ஒரு சின்ன விளக்கப் பரிசோதனை.

எந்த வீட்டில் என்பதில் சிரமம் இருக்கவில்லை. சிரித்த வீடுகளில் இனி என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள அனுமதிப்பார்களா என்பது சந்தேகம். ஸுபத்ரா அப்படி இல்லை. திருப்புட்குழியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பால் வாங்கி வைக்கச் சொல்லி எங்களிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவாள். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் வேலை செய்ய முடியும்.

அந்தத் தையில் ஒருநாள் காலை, பெருமாள் புறப்பாடு எங்கள் தெருவழியாக வருவதாக இருந்தது. கட்டடமே காலியாகித் தெருவுக்கு வந்துவிடும். ஸுபத்ரா முதல் நாளே அக்காவிடம் போய், காலையில் அங்கிருந்து நேராகத் தெருவுக்கு வந்து சேவித்துவிட்டு, மறுபடியும் அக்காவோடு திருப்புட்குழிக்கே போவதாகச் சொன்னாள். சாவி எங்களிடம் இருந்தது. வால்வை அடைத்தேன். சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்துகிற கருவி வேலை செய்யாதபடி செய்தேன். எப்படி என்று விவரமாகப் பிறகு வரைந்து காட்டுகிறேன். நாகஸ்வரம் தெருமுனையில் கேட்டதும் ஸ்விட்சைப் போட்டேன். கதவைப் பூட்டினேன். கீழே வந்து, கூட்டத்தில் சூடாமணிக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

எவ்வளவு நல்ல காலை தெரியுமா ஐயா. வெயில் இளசாக இருந்தது. கோலங்களின்மேல் எல்லோரும் மிதித்துக்கொண்டு நின்றார்கள். பிரபந்த கோஷ்டி முன்னால் வந்தது. பெருமாள் குடைகள் ஆட ஆட அசைந்து வந்தார். என் உள்ளங்கால் தரையில் படவில்லை போலிருந்தது. எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். நான் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் ஏதோ ஒரு எழுந்தருளல் நடக்கப்போவதாக எனக்கு இருந்தது.

அப்போது ஸுபத்ரா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புடவையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. நீர்மோர்ப் பந்தலில் யாரோ இடித்துவிட்டார்கள். கையில் துளசியும் கற்பூரமும் வைத்த தட்டு.

"மாமா, மோரை மேல கொட்டிட்டா. பெருமாள் கிட்டக்க வர்றதுக்குள்ள புடவையை மாத்திண்டு ஓடி வந்துடறேன். சாவி தர்றேளா? இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ."

தட்டை வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுத்தேன்.

நேரம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. மூன்று மாடி ஏற வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். "போகாதேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்தேன். ஏன் என்று கேட்பாள். வெடிக்கும் என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு, இந்த வேளையில், என் வீட்டில் என்று எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதோடு என் கணிப்பு கணிப்பாக இருக்காது, வேறு என்னவோ ஆகிவிடும். இத்தனையும் நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் படிக்கட்டுக்குள் போய்விட்டாள்.

"ஜாக்கிரதையாப் போம்மா, படி வழுக்கும்" என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சத்தம் வந்தபோது கூட்டம் அதை அதிர்வேட்டு என்று நினைத்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி கீழே விழுந்து, வெள்ளை ஆவி புகைபோல வெளியே வந்த பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அதில் வீரபத்திரன் செய்ததை மட்டும் சொல்கிறேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சொன்னீங்களே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது துக்கம் என்று வாக்குமூலங்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.

முதலில் மாடி ஏறியவன் நான்தான். பார்த்ததைச் சொல்ல வேண்டாம், உங்களிடம் புகைப்படங்கள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ்காரர்களுக்கும், தீயணைப்பு வீரர்களுக்கும், பிறகு உங்களுக்கும், எது எப்படி நடந்திருக்கும் என்று நான்தான் விளக்கினேன். அப்போது நீங்களும் இரண்டு தடவை "அப்படியா" என்றீர்கள். மஸ்கட்டிலிருந்து அவள் கணவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னாடியே எச்சரிச்சேளாமே, நாங்கதான் கேக்கலை" என்று அழுதார். தட்டிக்கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவே என்னிடம் கேட்டுத்தான் ஸ்விட்ச் போட்டது.

பிறகு நீங்கள் கலியனைப் பிடித்தீர்கள். வால்வை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும், கெய்சரில் கைவைத்தவன் அவன்தானே என்று. அவன் மனைவி ரேவதி எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா ஸ்டேஷன்ல கேப்பாங்க. அது அந்த மாதிரி ஆளு இல்ல சார்."

அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, வால்வு எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாகப் படம் போட்டு விளக்கினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. சூடாமணிதான் பார்த்தாள். பார்த்துவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நேற்று அவள் பிறந்தகத்துக்குப் போய்விட்டாள். அது எங்கள் குடும்ப விஷயம்.

இன்றைக்குக் காலை பேப்பரில் செய்தி வந்திருக்கிறது. கைதான மெக்கானிக் மாதக்கணக்கில் மிக நுட்பமாகத் திட்டமிட்டு, கெய்சர்களில் ரசாயனம் கலந்து, கைதேர்ந்த முறையில் வெடிக்கவைத்ததாகப் போட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு இட்லி இறங்கவில்லை. ஒரு நிரபராதி உள்ளே இருக்க நான் வெளியே நடமாடுவது தர்மம் இல்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அன்னபேதி போட்டவன் நான். வால்வை அடைத்தவன், ஸ்விட்சைப் போட்டவன், சாவியைக் கொடுத்தவன் நான். ஸுபத்ராவைக் கொன்றவன் நான். கலியனைப் பற்றி இதில் எங்கேயும் எழுத வேண்டாம், கூட இருந்தான் என்றுகூட வேண்டாம். அவனுக்கு அந்த அளவுக்கு விஷயம் தெரியாது, ஐயா.